எதிரி சொன்ன சாட்சி

கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரனே கூண்டில் ஏறி, அவர் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்த வழக்கில் வாதாடுவதற்கு எதுவும் இராது. அப்படிப்பட்ட சாட்சி கோர்ட்டிலேயே அபூர்வம். யுத்த களத்திலோ அதைவிட அபூர்வம்.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில், எதிரியின் வாய்மொழி ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு ஒரு விமானிக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் தனது மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸை அளித்தது. அந்த விமானியைக் கொன்றவர்களே அந்தச் சாட்சியைச் சொன்னவர்கள். அவர்களுடைய கப்பலை மூழ்கடித்தவரும் அந்த விமானியே.

அந்த யுத்தத்தில் விக்டோரியா கிராஸ் பெற்றவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த ஜான் குருக்ஷாங்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 2025 ஆகஸ்டில் தமது 105-வது வயதில் காலமானார். அவரும் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் போன விமானத்தை ஓட்டியவர்தான். அவரோடு அந்தத் தலைமுறை முடிந்தது. கடலுக்கு மேலே தன்னந்தனியாகப் பறக்கும் வேலையோ முடியவில்லை. அரக்கோணத்திலிருந்து அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் பழைய கதையில் இன்றைக்கும் பொருந்தும் ஒரு விஷயம் இருக்கிறது.

1943 ஆகஸ்டு 11

நியூஸிலாந்தைச் சேர்ந்தவர் லாயிட் டிரிக். யுத்தத்துக்கு முன் விவசாய இயந்திரங்களை விற்கும் வேலையில் இருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. 1943-ல் அவருக்கு வயது 29. பிரிட்டிஷ் விமானப் படையின் 200-வது அணியில் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போவதும், நீர்மூழ்கிகளைத் தேடுவதுமாக 46 தடவை பறந்து திரும்பியிருந்தார். அதில் காட்டிய திறமைக்காக ஏற்கெனவே ஒரு பதக்கமும் பெற்றிருந்தார்.

அதுவரை அவர் ஓட்டியது ஹட்சன் என்ற இரட்டை எஞ்சின் விமானம். ஆகஸ்டு 11-ந் தேதி அவருக்குக் கொடுக்கப்பட்டது லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் பெரிய குண்டு வீச்சு விமானம். அந்த ரகத்தில் அவர் காவல் பணிக்குப் புறப்பட்டது அதுவே முதல் தடவை. விமானத்தில் அவரோடு சேர்த்து 8 பேர். நியூஸிலாந்து, கனடா, பிரிட்டன் ஆகிய மூன்று தேசத்தவரும் அதில் இருந்தார்கள்.

இன்று செனகல் நாட்டின் தலைநகராக இருக்கும் டக்கார் நகருக்குத் தென்மேற்கே, நடுக்கடலில், 'யு-468' என்ற ஜெர்மன் நீர்மூழ்கி நீர்மட்டத்தில் வந்துகொண்டிருந்ததை அந்த விமானம் கண்டது. நீர்மூழ்கியின் தளபதி ஷாமோங் என்பவர். விமானத்தைப் பார்த்ததும் அவர் கப்பலை மூழ்கச் செய்யவில்லை. விமான எதிர்ப்பு பீரங்கிகளைத் திருப்பிச் சுடச் சொன்னார்.

குண்டுகள் லிபரேட்டரில் பாய்ந்தன. விமானம் தீப்பற்றிக்கொண்டது. அப்போதும் அது விலகிப் போகவில்லை. எரிந்துகொண்டே நேராக வந்தது. 50 அடிக்கும் குறைவான உயரத்தில் நீர்மூழ்கியின் தலைக்கு மேலாகப் பறந்து, ஆழ வெடிகுண்டுகளை அதன் பக்கத்திலேயே போட்டது. சிறிது தூரம் போய்க் கடலில் விழுந்தது. அதிலிருந்த 8 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

வெடித்த குண்டுகள் நீர்மூழ்கியின் வயிற்றைப் பிளந்துவிட்டன. 20 நிமிஷத்துக்குள் அதுவும் மூழ்கியது. அதிலிருந்தவர்களில் 44 பேர் மாண்டார்கள். ஷாமோங் உட்பட 7 பேரே மிஞ்சினார்கள்.

இந்த 7 பேரும் பிழைத்த விதந்தான் விசித்திரம். லிபரேட்டர் உடைந்தபோது அதிலிருந்த ரப்பர் படகு ஒன்று கழன்று மிதந்துகொண்டிருந்தது. விமானத்தின் ஆட்களுக்காக வைக்கப்பட்ட படகு அது. அதில் ஏற விமானத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஜெர்மானியர் அதைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள்.

காணாமற் போன லிபரேட்டரைத் தேடி வந்த சண்டர்லாந்து விமானம் ஒன்று மறுநாள் படகைக் கண்டது. படகில் இருப்பவர்கள் நம்மவர்களே என்று நினைத்து, வேண்டிய பொருள்களைப் போட்டுவிட்டுச் செய்தி அனுப்பியது. 'கிளார்க்கியா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து அவர்களைத் தூக்கியபோதுதான், ஏறி வந்தவர்கள் எதிரிகள் என்பது தெரிந்தது.

நடந்தது என்ன என்பதை அவர்கள் வாயிலாகவே பிரிட்டிஷார் அறிந்தார்கள். எரியும் விமானம் திரும்பாமல் வந்து தங்களைத் தாக்கியதை ஷாமோங்கும் அவருடைய ஆட்களும் வியப்போடு சொன்னார்கள். அதைக் கொண்டே 1943 நவம்பர் 2-ந் தேதி டிரிக்கிற்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

மூழ்காமல் நின்றது ஏன்?

நீர்மூழ்கி என்று பெயர் வைத்துக்கொண்டு, விமானத்தைக் கண்டதும் அது மூழ்காமல் நிற்பானேன் என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் காலத்து நீர்மூழ்கி, பெயருக்குத்தான் நீர்மூழ்கி. அதன் டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். நீருக்கு அடியில் பாட்டரியைக் கொண்டு ஓடவேண்டும். நீர்மட்டத்தில் மணிக்கு 17 கடல் மைல் ஓடக்கூடிய கப்பல், அடியில் 7 கடல் மைல் வேகத்தைக்கூட நெடுநேரம் தாங்காது. பாட்டரி தீர்ந்தால் மேலே வந்தே ஆகவேண்டும். ஆகவே தொலைதூரப் பிரயாணத்தில் பெரும்பகுதியை அது நீர்மட்டத்திலேயே கழித்தது.

விமானத்தைக் கண்டு அவசரமாக மூழ்கினாலும், முழுதும் மறைய ஏறக்குறைய அரை நிமிஷம் பிடிக்கும். அந்த அரை நிமிஷத்தில் மேல்தளத்தில் பீரங்கிக்கு ஆள் இராது. திருப்பிச் சுட வழியில்லை. எனவே ஜெர்மன் கடற்படைத் தலைவர் டேனிட்ஸ் 1943-ல் ஒரு புதிய உத்தரவு போட்டார். விமானம் நெருங்கிவிட்டால் மூழ்காதே, நின்று சுடு என்பது அதன் சாரம். நீர்மூழ்கிகளில் விமான எதிர்ப்பு பீரங்கிகள் அதிகமாகப் பொருத்தப்பட்டன.

இந்த உத்தரவு பலத்தில் பிறந்ததல்ல, நெருக்கடியில் பிறந்தது. 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 40-க்கு மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. அம்மாதக் கடைசியில் வட அட்லாண்டிக் கடலிலிருந்து நீர்மூழ்கிக் கூட்டங்களை டேனிட்ஸ் விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ராடாரும், நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டரும் சேர்ந்து, கடலில் ஒளிய இடமில்லாமல் செய்துவிட்டன. நின்று சுடும் உத்தரவினால் சில விமானங்கள் விழுந்தது உண்மை. ஆனால் மொத்தக் கணக்கில் அது ஜெர்மனிக்கு லாபம் தரவில்லை. சில மாதங்களிலேயே அந்த முறை கைவிடப்பட்டது.

டிரிக்கும் ஷாமோங்கும் எதிர்ப்பட்டது இந்த இடைக்காலத்தில். முன்பாயிருந்தால் நீர்மூழ்கி மூழ்க முயன்றிருக்கும். அந்த ஆண்டிலோ அது நின்று சுட்டது.

50 அடி உயரம் ஏன்?

உயரத்திலிருந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? கூடாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஆழ வெடிகுண்டு நீரில் விழுந்து, குறித்த ஆழத்துக்குப் போனதும் வெடிக்கும். அது நீர்மூழ்கியின் உடலிலிருந்து சுமார் 20 அடிக்குள் வெடித்தால்தான் கப்பல் பிளக்கும். கொஞ்சம் தள்ளி வெடித்தாலும் ஆட்டம் கொடுக்குமேயன்றி ஆளைக் கொல்லாது. 20 அடி என்பது ஒரு சிறிய வீட்டின் அகலம். ஓடும் விமானத்திலிருந்து, ஓடும் கப்பலின் பக்கத்தில், அந்த அளவுக்குள் போடவேண்டுமானால் தாழ்ந்து, நேராக, நெருங்கித்தான் வரவேண்டும். அப்படி வரும் விமானம் பீரங்கிக்காரனுக்கு நேர் இலக்கு. வளையவும் முடியாது, நெளியவும் முடியாது.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் சிப்பாய்கள் அல்ல, விஞ்ஞானிகள். முன்பு 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி குண்டுகள் அமைக்கப்பட்டிருந்தன. நீர்மட்டத்திலோ, மூழ்கத் தொடங்கும் நிலையிலோ இருக்கும்போதே தாக்கப்படும் கப்பலுக்கு 100 அடி ஆழத்துக் குண்டினால் என்ன சேதம் வரும்? 25 அடியில் வெடிக்கச் செய்யுங்கள் என்று அவர்கள் யோசனை சொன்னார்கள். மாற்றியதும் பலன் கைமேல் தெரிந்தது. பிடிபட்ட ஜெர்மானியர், பிரிட்டிஷார் புதிதாக ஏதோ சக்திவாய்ந்த வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே எண்ணினார்கள். இந்த விஞ்ஞானிகளுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவரான பிளாக்கெட், சுதந்திர இந்தியாவின் பாதுகாப்பு விஞ்ஞானத்தைப் பற்றி 1948-ல் நேருவின் சர்க்காருக்கு யோசனை கூறியவர்.

விஞ்ஞானி காகிதத்தில் போட்ட கணக்கை, டிரிக் போன்றவர்கள் 50 அடி உயரத்தில் உயிரை வைத்து நிறைவேற்றினார்கள்.

எட்டுப் பேர், ஒரு பதக்கம்

டிரிக் விரும்பியிருந்தால் தாக்குதலை நிறுத்திவிட்டுக் கடலில் இறங்கியிருக்கலாம் என்ற கருத்து அவருடைய விருதுப் பத்திரத்தில் காணப்படுகிறது. வீரத்தை எடுத்துக்காட்ட அது பொருத்தமான வாதம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நீரில் இறக்குவதற்கு லிபரேட்டர் ஏற்ற விமானமல்ல. அதன் வயிற்றிலுள்ள குண்டு அறைக் கதவுகள் மெல்லியவை. நீரில் மோதியதும் அவை உடைந்து, விமானமே பிளந்துபோவது வழக்கம். எரியும் லிபரேட்டரைக் கடலில் இறக்குவது பத்திரமான வழியுமல்ல, நிச்சயமான வழியுமல்ல.

இதனால் டிரிக்கின் வீரம் குறைந்துவிடாது. அவர் முன் இருந்தவை இரண்டுமே அபாய வழிகள். அவற்றில் கடமை முடியும் வழியை அவர் எடுத்தார். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். விமானத்தில் இருந்தவர்கள் 8 பேர். பதக்கம் ஒருவருக்கு. மற்ற ஏழு பேரும் தத்தம் இடத்தில் இருந்தவர்கள்தான். அவர்களுக்கு ஏன் இல்லை?

அன்றைய பிரிட்டிஷ் விதி அப்படி. எதிரியின் முன்னிலையில் செய்த வீரச் செயலுக்காக, இறந்துபோனவருக்கு அளிக்கக்கூடிய பதக்கம் விக்டோரியா கிராஸ் ஒன்றே. அதை விட்டால், யுத்த அறிக்கையில் பெயரைக் குறிப்பிடலாம். நடுத்தரப் பதக்கங்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கே. செத்தவனுக்கு உச்சம் உண்டு, அல்லது ஒன்றுமில்லை. இந்த விதியை மாற்ற 1979 வரை அவர்களுக்குப் பிடித்தது.

எதிரியின் சாட்சியத்துக்கு மதிப்புக் கொடுத்தது இந்த ஒரு தடவை மட்டுமல்ல. 1940 ஏப்ரலில் நார்வே கரைக்கு அப்பால், 'குளோவர்ம்' என்ற சிறிய பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல், 'அட்மிரல் ஹிப்பர்' என்ற பெரிய ஜெர்மன் கப்பலை இடித்துவிட்டு மூழ்கியது. அதன் தளபதி ரூப்பின் துணிவை, ஹிப்பரின் தளபதியே செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் பிரிட்டனுக்கு எழுதித் தெரிவித்தார். யுத்தம் முடிந்த 1945-ல் ரூப்பிற்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆனால் அந்தக் கப்பலிலிருந்து பிழைத்த பிரிட்டிஷ் மாலுமிகளும் இருந்தார்கள். டிரிக்கின் பக்கம் ஒருவருமே மிஞ்சவில்லை.

நீர்மூழ்கியைத் தாக்கி விக்டோரியா கிராஸ் பெற்ற மற்ற இரு விமானிகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1944 ஜூனில், ஷெட்லாந்து தீவுகளுக்கு வடக்கே, கனடாவைச் சேர்ந்த ஹார்னெலின் விமானம் ஒரு நீர்மூழ்கியை அழித்துவிட்டுக் கடலில் இறங்கியது. 8 பேருக்கு ஒரே படகு. 21 மணி நேரம் குளிரில் கிடந்தார்கள். இருவர் கடலிலும், ஹார்னெல் மீட்கப்பட்ட பிறகும் இறந்தார்கள். மிச்சமிருந்த ஐந்து பேர் நடந்ததைச் சொன்னார்கள். அடுத்த மாதம் குருக்ஷாங்க் 72 காயங்களோடு, சக விமானியின் துணையால், விமானத்தைத் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கேயும் சாட்சி இருந்தது. அப்படியிருந்தும் அவர் மூழ்கடித்தது எந்த நீர்மூழ்கி என்பது நெடுங்காலம் தவறாகவே குறிக்கப்பட்டு வந்தது. 'யு-347' என்று எண்ணப்பட்டது, 'யு-361' என்று பின்னர் திருத்தப்பட்டது.

சாட்சிகள் இருந்த சம்பவத்திலேயே இப்படியென்றால், சாட்சியே இல்லாதவை எத்தனை! பிரிட்டனின் கடலோர விமானப் படையில் மட்டும் 5,800-க்கு மேற்பட்டோர் அந்த யுத்தத்தில் மாண்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் புறப்பட்டுப் போனார்கள், திரும்பவில்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் நஷ்டம் இன்னும் கொடியது. ஜெர்மன் நீர்மூழ்கிகளில் சென்ற சுமார் 40,000 பேரில், நான்கில் மூன்று பங்கினர் ஊர் திரும்பவில்லை. டிரிக்கிற்குக் கல்லறை இல்லை. கல்லறை இல்லாத மற்ற விமானிகளின் பெயர்களோடு, மால்டா தீவிலுள்ள நினைவுத் தூணில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பரங்கிமலைக்கு வந்த அணி

டிரிக் இருந்த 200-வது அணி ஆப்பிரிக்காவிலேயே இருந்துவிடவில்லை. 1944 மார்ச்சில் அது சென்னைக்கு வந்தது. பரங்கிமலையைத் தளமாகக் கொண்டு, அதே லிபரேட்டர் விமானங்களில், வங்காள விரிகுடாவின் மேல் நீர்மூழ்கிகளைத் தேடியது. 1914-ல் எம்டன் கப்பலின் குண்டுகளைப் பார்த்த சென்னை நகரம், 30 ஆண்டு கழித்து இந்த விமானங்களின் இரைச்சலைக் கேட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், மாலத் தீவுகளுக்கு அருகே 'கெடிவ் இஸ்மாயில்' என்ற துருப்புக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்து, சுமார் 1,300 பேர் மாண்டிருந்தார்கள். 1945 மே மாதத்தில் அணியின் எண் மாற்றப்பட்டது. 200-வது அணி என்ற பெயர் அதோடு மறைந்தது.

இன்று அதே விரிகுடாவைக் காப்பது இந்தியக் கடற்படை. அரக்கோணத்திலுள்ள ராஜாளி தளத்துக்கு 2013-ல் பி-8ஐ விமானங்கள் வந்து சேர்ந்தன. நீரில் ஒலி கேட்கும் மிதவைகளைப் போட்டு, அவை அனுப்பும் ஒலியைக் கொண்டு நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது அவற்றின் முறை. எரியும் விமானத்தோடு 50 அடியில் பாயவேண்டிய காலம் போய்விட்டது. ஆளே இல்லாத விமானங்களும் வந்துவிட்டன. வாடகைக்கு எடுத்த அத்தகைய விமானம் ஒன்று, 2024 செப்டம்பர் 18-ந் தேதி சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. எந்த வீட்டிலும் அழுகுரல் கேட்கவில்லை. அடுத்த மாதமே, முப்படைகளுக்குமாக அந்த ரகத்தில் 31 விமானங்கள் வாங்க ஒப்பந்தமாயிற்று.

இன்றைய சாட்சி யார்?

ஆனால் ஆள் போகும் விமானங்கள் இன்னும் பல ஆண்டுகள் கடல்மேல் பறந்துகொண்டுதான் இருக்கும். அவற்றில் ஒன்று விழுந்தால் சாட்சி சொல்வது யார்? தமிழ்நாட்டுக் கடலில் நடந்த இரண்டு விபத்துக்கள் இதற்கு விடை தருகின்றன.

2015 ஜூன் 8-ந் தேதி இரவு, கரையோரக் காவல் படையின் டார்னியர் விமானம் ஒன்று, சென்னையிலிருந்து காவல் சென்று திரும்பும் வழியில் மூன்று பேருடன் மறைந்தது. நீருக்கு அடியிலிருந்தும் ஒலி எழுப்பும் சிறு கருவி ஒன்று அதில் இருந்தது. ஜூலை முதல் வாரத்தில் இந்தியக் கடற்படையின் 'சிந்துத்வஜ்' அந்த ஒலியைக் கேட்டது. சுமார் 950 மீட்டர் ஆழத்திலிருந்து விமானத்தின் பாகங்கள் எடுக்கப்பட்டன. சிந்துத்வஜ் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்! எந்த இனத்து விமானங்கள் நீர்மூழ்கியைத் தேடி அழிந்தனவோ, அந்த இனத்து விமானம் ஒன்றை நீர்மூழ்கியே தேடிக் கண்டுபிடித்தது.

மறு ஆண்டு, 2016 ஜூலை 22-ந் தேதி, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்-32 ராணுவ விமானம் 29 பேருடன் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. நீருக்கு அடியிலிருந்து ஒலிக்கும் கருவி அதில் இருக்கவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. 2024 ஜனவரியில்தான், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கருவி, சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் எடுத்தது.

ஒரு விபத்தில் ஒரே மாதம். மற்றொன்றில் ஏழரை ஆண்டு. ஆழம் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனாலும் கூப்பிட்டால் குரல் கொடுக்கும் பொருளைத் தேடுவதற்கும், ஊமையாகக் கிடக்கும் பொருளைத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் மறுக்க முடியாது. அந்த ஏழரை ஆண்டும் 29 குடும்பங்கள், ஈமக்கடன் செய்வதா வேண்டாமா, திதி எது, நம்பிக்கை வைப்பதா விடுவதா என்று தவித்த தவிப்புக்கு எந்தக் கணக்கிலும் தொகை போட முடியாது.

அந்தக் கருவி ஒரு கையில் அடங்கக்கூடியது. கோடிக்கணக்கில் விலையுள்ள விமானத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். புதிய விமானங்களில் அது இருக்கும். பழைய விமானம் ஒவ்வொன்றிலும், கடலைத் தாண்டப் புறப்படுமுன், அது இருக்கிறதா என்று பார்ப்பது சர்க்காரின் கடமை. பதக்கமும் நினைவுத் தூணும் பிறகு வருகிறவை. போனவன் எங்கே விழுந்தான், எப்படி விழுந்தான் என்று வீட்டாருக்குச் சொல்வது அவற்றுக்கெல்லாம் முந்திய கடன்.

டிரிக்கின் குடும்பத்துக்கு அந்த உண்மை கிடைத்தது, ஒரு ரப்பர் படகு மிதந்ததாலும், அதில் ஏறிய எதிரி நாணயஸ்தனாக இருந்ததாலும். இரண்டும் தற்செயல். கடலுக்கு மேலே பிள்ளைகளை அனுப்பும் ஒரு தேசம் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது.